ரேடார் தரவை வகுப்பில் சொல்லித்தர முதல்முறை இறங்குபவர்களுக்கு

வானிலை ரேடார் பற்றி ஒரு செமஸ்டர் பாடம் எடுக்கச் சொன்னபோது எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. ரேடார் சமன்பாடு தெரியும், டாப்ளர் விளைவு தெரியும், படங்கள் பார்த்துப் பழக்கமும் உண்டு. மூன்று வாரம் சமன்பாடு நடத்தினேன். நான்காவது வாரம் ஆய்வகத்துக்குப் போனால் பாதிக் கணினிகளில் மென்பொருள் ஏறவில்லை. ஐந்தாவது வாரமும் அதே கதை. எழுதிக் கேட்டிருந்த தரவு, செமஸ்டர் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து, "வடமேற்கில் சிவப்பாக இருப்பது என்ன?" என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் கனமழை என்று எழுதியிருந்தார்கள். அது ஒரு மலை.

தப்பு மாணவர்கள் மேல் இல்லை. ரேடார் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேனே தவிர, ரேடார் எப்போது ஏமாற்றும் என்று நான் சொல்லவே இல்லை. அடுத்த முறை வரிசையைத் தலைகீழாக மாற்றினேன்: முதலில் கோப்பு, அப்புறம் சந்தேகம், அதற்குப் பிறகுதான் சமன்பாடு. கீழே இருப்பது அந்த வரிசைதான். பள்ளி இயற்பியலும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்த இளநிலை இறுதியாண்டு அல்லது முதுநிலை மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

1. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் வகுப்புக்கு எட்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். எட்டா என்று நினைக்காதீர்கள். பாடக்குறிப்பு எழுத நேரம் ஆகாது. அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருப்பதில்தான் நாள் போகும்.

எட்டாவது வாரத்தில் உங்கள் நாட்டு வானிலைத் துறையிடம் தரவு கேட்டுக் கடிதம் போய்விட வேண்டும். ஆறாவது வாரத்தில் கணினி ஆய்வகப் பொறுப்பாளரைப் பார்த்து, மென்பொருள் நிறுவ அனுமதி, வட்டில் இடம், இணையத் தடைகள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையில் "செய்துடலாம் சார்" என்று கிடைக்கும் பதிலை நம்பி நான் இரண்டு ஆய்வக வகுப்புகளை இழந்தேன். நான்காவது வாரத்தில் பயிற்சிக் கோப்புகள் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில், பாடம் தெரியாத யாராவது ஒரு மாணவரை உட்காரவைத்து முதல் பயிற்சியை முழுக்கச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று உதவக்கூடாது. அவர் எங்கே திணறுகிறாரோ, அங்கேதான் வகுப்பு முழுதும் திணறும்.

2. தரவு: கேட்டு வாங்குவதும் திறந்து கிடப்பதும்

முழுப் பாடத்தையும் கேட்டு வாங்கும் தரவின் மேல் கட்டாதீர்கள். வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை என்ற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் திறந்த தரவாக இருக்கட்டும்.

திறந்த தரவில் பெரிய சுரங்கம், அமெரிக்காவின் வானிலை ரேடார் வலையமைப்பான நெக்ஸ்ராடின் காப்பகம். சுமார் 160 ரேடார்களின் இரண்டாம் நிலைத் தரவு (படமாக்காத அடிப்படை எண்கள்), 1991 ஜூன் முதல் அங்கே இருக்கிறது. 2015 முதல் அமேசானின் மேகச் சேமிப்பிலும் கிடைக்கிறது. கணக்கு வேண்டாம், கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை. 2013 அல்லது அதற்குப் பிந்தைய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆண்டுதான் ரேடார்களை இரட்டை முனைவாக்கத்துக்கு (கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அலை அனுப்பும் முறைக்கு) மாற்றும் பணி முடிந்தது. அதன் அருமை எட்டாம் படியில் தெரியும்.

செலவுக் கணக்கில் பணத்தைவிட வட்டு இடம்தான் முக்கியம். மழை நாளில் ஒரு கோப்பு சுமார் 5 முதல் 20 எம்.பி. வரை இருக்கும். ரேடார் நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா ஏற்றக்கோணங்களிலும் சுற்றி முடிக்கும், எனவே ஒரு நாளுக்கு இருநூறுக்கு மேற்பட்ட கோப்புகள், மொத்தம் சில ஜி.பி. முப்பது மாணவர்களும் ஒரே நேரத்தில் அதை இறக்கத் தொடங்கினால் கல்லூரி இணையம் படுத்துவிடும். தேவையான கோப்புகளை நீங்களே இறக்கி, உள் சர்வரிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கும்போது ஒரு சின்னக் குழி உண்டு. பட்டியலில் எம்.டி.எம். என்று பெயர் முடியும் கோப்புகள் ஊடே ஊடே வரும். அவற்றில் நமக்கு வேண்டிய சுற்றுத் தரவு இல்லை. திறக்கப் போனால் பிழைச் செய்திதான் வரும். முதலிலேயே வடிகட்டிவிடுங்கள்.

சரி, உங்கள் வானிலைத் துறைக்கு எழுதும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? ரேடார் நிலையத்தின் பெயர், தேதி, தொடக்க-முடிவு நேரம் யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில், எந்தெந்த மாறிகள், எந்தக் கோப்பு வடிவம், எத்தனை மாணவர்கள் பயன்படுத்துவார்கள், எங்கே சேமிப்பீர்கள், ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் உண்டா என்பவை கட்டாயம். துறைத் தலைவரின் ஒப்பம், பாடத்திட்டத்தின் நகல் ஒன்று, தரவை மூன்றாம் நபருக்குக் கொடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழி ஆகியவற்றைக் கேட்பதற்கு முன்பே இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு "இதையும் அனுப்புங்கள்" கடிதமும் இரண்டு வாரத்தைத் தின்னும். சில நாடுகளில் ரேடார் தரவு பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பிலும் வரும். அங்கே இன்னும் ஒரு மேசை கூடுதல்.

கடிதத்தில் "ரேடார் தரவு" என்று மட்டும் எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? எனக்கு வந்தது ஒரு குறுந்தட்டு. ஆவலாகத் திறந்தேன், உள்ளே இருந்ததெல்லாம் வண்ணப் படங்கள். படம் என்பது சமைத்து முடித்த பண்டம். அதிலிருந்து எண்களைத் திரும்ப எடுக்க முயன்று ஒரு மாணவர் ஒரு மாதம் வீணாக்கினார். ஆகவே, "ஒவ்வொரு ஏற்றக்கோணத்துக்கும் உரிய மூலத் துருவ ஆயத் தரவு, எண் வடிவில்" என்று தெளிவாக எழுதுங்கள். அதாவது, ரேடார் எவ்வளவு நிமிர்ந்து, எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்ன அளந்தது என்ற எண்கள்.

3. மென்பொருளை வகுப்பில் நிறுவாதீர்கள்

வகுப்பு நேரத்தில் நிறுவல் கூடவே கூடாது. இந்தப் படிக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியது குறைவு.

பைத்தானில் பை-ஆர்ட் என்ற நூலகம் இதற்கு நல்ல தொடக்கம். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உருவானது, இலவசம், நெக்ஸ்ராட் கோப்பை ஒரே வரியில் திறக்கும். ஐரோப்பிய வடிவக் கோப்புகளோடும் மழை அளவுக் கணக்கோடும் அதிகம் புழங்கப் போகிறீர்கள் என்றால் டபிள்யூராட்லிப் பாருங்கள். இரண்டையும் ஒரே செமஸ்டரில் புகுத்த வேண்டாம்.

பைத்தான் நூலகங்களை நிறுவித் தரும் கோண்டா என்ற கருவி வழியாகத் தனிச் சூழல் ஒன்று உருவாக்கி, எந்தப் பதிப்பு என்பதைக் கோப்பில் பூட்டி, அதே கோப்பை எல்லாக் கணினிகளிலும் ஓட்டச் சொல்லுங்கள். கூகுள் கோலாப் போன்ற மேக நோட்புக் மாற்று வழியாகத் தயாராக இருக்கட்டும். இரண்டும் கைகொடுக்காத நாளுக்காக முக்கியமான எட்டுப் பத்துப் படங்களைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். மின்சாரம் போன ஒரு நாள் தாளை வைத்தே வகுப்பு எடுத்தேன். அந்தச் செமஸ்டரின் உருப்படியான வகுப்பு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

4. மூன்று நாட்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்

முப்பது ஆண்டுக் காப்பகம் கையில் இருக்கிறது என்று மாணவர்களை அதில் இறக்கிவிட்டால், அவர்கள் தேடுவதிலேயே செமஸ்டரைக் கழிப்பார்கள். மூன்று நாட்கள் போதும். செமஸ்டர் முழுக்க அதே மூன்று நாட்களுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

ஒன்று, கடும் இடிப்புயல். நான் எடுப்பது 2013 மே 20. ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரை உச்சத் தரமான இ.எஃப். 5 சுழற்காற்று தாக்கிய நாள். யூ.டி.சி. 19:56 முதல் 20:35 வரை அது தரையில் இருந்தது. கே.டி.எல்.எக்ஸ். என்ற நெக்ஸ்ராட் ரேடார் அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, எனவே அது அனுப்பும் அலைக் கற்றை தரைக்கு மேல் 200 மீட்டர் உயரத்திலேயே புயலை வெட்டுகிறது. இவ்வளவு பக்கத்திலிருந்து பதிவான நிகழ்வுகள் அரிது. 24 பேர் இறந்த நிகழ்வு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது படத்தைப் பார்த்து "சூப்பர்" என்பார்கள்.

இரண்டாவது, நாள்கணக்கில் நீடித்த மழை. 2017 ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி புயல் டெக்சாஸில் நகராமல் நின்று, சில இடங்களில் 1500 மி.மீ.க்கு மேல் கொட்டியது. மழை அளவுக் கணக்குக்கு ஹூஸ்டன் ரேடாரின் அந்த நாட்கள் பொருத்தம்.

மூன்றாவது, மழையே இல்லாத நாள். இதை விட்டுவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் விடியற்காலைகளில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ரேடார்களில் வளையம் வளையமாக ஏதோ விரிவது தெரியும். பர்பிள் மார்ட்டின் என்ற பறவைகள் இரவு தங்கிய இடத்திலிருந்து கூட்டமாகக் கிளம்பி எல்லாத் திசையிலும் பறக்கின்றன, அவ்வளவுதான். பதிலைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பாருங்கள்.

நேரம் பற்றி ஒரு எச்சரிக்கை: கோப்புப் பெயரில் இருப்பது யூ.டி.சி. நேரம். செய்தியில் வருவது உள்ளூர் நேரம். மாலைப் புயலுக்கு யூ.டி.சி.யில் தேதியே மாறியிருக்கலாம். ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது இரண்டு மாணவர்கள் தவறான நாளின் கோப்பை எடுத்து, "புயலே இல்லையே" என்று வந்து நிற்பார்கள்.

5. முதல் வகுப்பு: கற்றையை வரையுங்கள்

கணினியைத் திறக்க வேண்டாம். தாள், பென்சில், அளவுகோல் போதும். ரேடார் ஒரு புள்ளி. அதிலிருந்து அரைப் பாகை ஏற்றத்தில் ஒரு கோடு. அடியில் பூமி வளைகிறது. கோடு போகப் போகத் தரையை விட்டு விலகுகிறது. இந்த ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

பிறகு எண்கள். காற்றின் அடர்த்தி உயரத்தோடு குறைவதால் கற்றை சற்றே கீழ்நோக்கி வளையும். அதை ஈடுகட்ட, பூமியின் ஆரத்தை மூன்றில் நான்கு மடங்காக வைத்துக்கொள்வது வழக்கம். கணக்குப் போட்டால், அரைப் பாகைக் கற்றையின் மையம் 50 கி.மீ.யில் சுமார் 0.6 கி.மீ. உயரம், 100 கி.மீ.யில் 1.5 கி.மீ., 200 கி.மீ.யில் 4.1 கி.மீ. கற்றை விரியவும் செய்கிறது. ஒரு பாகை அகலக் கற்றை 100 கி.மீ.யில் 1.75 கி.மீ. தடிமன், 200 கி.மீ.யில் அதன் இரட்டிப்பு.

இப்போது கேளுங்கள்: "200 கி.மீ. தூரத்து ஊரில் மழை பெய்கிறதா என்று ரேடாருக்குத் தெரியுமா?" மேகத்தின் நடுவயிற்றைத்தான் அது பார்க்கிறது. தாழ்வான மேகத்திலிருந்து விழும் மழை கற்றைக்கு அடியிலேயே நடந்து முடிந்துவிடும். மேலே தெரிகிற மழை வழியில் ஆவியாகித் தரைக்கு வராமலும் போகலாம். இதை அவர்களாகவே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

6. டிபிஇசட் என்ற அளவுகோல்

எதிரொலியின் வலிமையை ரிஃப்ளெக்டிவிட்டி என்கிறோம், அதன் மடக்கை அளவுதான் டிபிஇசட். இங்கே இரண்டு விஷயங்கள் பதிய வேண்டும்.

முதலாவது, துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கு. 4 மி.மீ. துளி ஒன்று தரும் எதிரொலி, 1 மி.மீ. துளிகள் 4096 சேர்ந்து தருவதற்குச் சமம். தண்ணீரின் அளவைப் பார்த்தால் பெரிய துளியில் இருப்பது 64 சிறு துளிகளின் நீர்தான். ஆக, ஒரே டிபிஇசட் மதிப்புக்குப் பின்னால் வெவ்வேறு மழை இருக்கலாம். மாணவர்கள் இந்தக் கணக்கைக் கையால் போடட்டும்.

இரண்டாவது, சராசரி. 20, 50 என்ற இரண்டு டிபிஇசட் மதிப்புகளின் சராசரி என்ன? 35 என்று கை தூக்குவார்கள். மடக்கையை அவிழ்த்தால் 100, 1,00,000. சராசரி 50,050. திரும்ப டிபிஇசட் ஆக்கினால் 47. இந்தத் தவறு வகுப்பறையோடு நிற்பதில்லை. நான் மதிப்பீட்டுக்கு வாங்கிய ஆய்வேடுகளிலும் பார்த்திருக்கிறேன். சராசரி, இடைமதிப்பீடு, கட்டத்துக்கு மாற்றுதல் என எது செய்தாலும், "மடக்கையை அவிழ்த்தாயா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று. ஒரே கோப்பை இரண்டு வண்ண அளவுகோலில் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ஊரே எரிகிறது, இன்னொன்றில் தூறல். எண்கள் அதேதான். எந்தப் படத்திலும் அளவுகோல் இல்லையென்றால் மதிப்பெண் பாதி என்று விதி வைத்தேன். ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத மாணவர் ஒருவராவது வகுப்பில் இருக்கக்கூடும். பை-ஆர்டில் அவர்களுக்கேற்ற வண்ணத் தொகுப்புகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடுங்கள், யாரும் எழுந்து சொல்ல வேண்டிய சங்கடம் வராது.

7. டாப்ளர் திசைவேகம்: மூன்று குழிகள்

குழி ஒன்று. திசைவேகப் படம் காற்றின் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. ரேடாரை நோக்கி வருவதும் விலகிப் போவதும் மட்டும் தெரியும். நெக்ஸ்ராட் வழக்கத்தில் நோக்கி வருவது எதிர்க்குறி, பச்சை. விலகுவது நேர்க்குறி, சிவப்பு. கற்றைக்குக் குறுக்கே அடிக்கும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் சுழியம்தான்.

குழி இரண்டு. எவ்வளவு தூரம் பார்க்கலாம், எவ்வளவு வேகம் அளக்கலாம் என்ற இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். துடிப்புகளை நெருக்கமாக அனுப்பினால் வேகத்தை நன்றாக அளக்கலாம், ஆனால் தூரத்து எதிரொலி வருவதற்குள் அடுத்த துடிப்பு கிளம்பிவிடும். 10 செ.மீ. அலைநீள ரேடாருக்கு 150 கி.மீ. வரை குழப்பமில்லாமல் பார்க்க வேண்டுமென்றால், அளக்கக்கூடிய உச்சம் நொடிக்கு 25 மீட்டர். 5 செ.மீ. என்றால் 12.5. 3 செ.மீ. என்றால் 7.5. உச்சத்தைத் தாண்டிய வேகம் மறுபக்கமாக மடிந்து வரும்: 25 உச்சமுள்ள ரேடாரில் 32 என்ற வேகம் −18 என்று தெரியும். கடும் சிவப்புக்கு நடுவே திடீரென்று பச்சைத் திட்டு வந்தால் உடனே "சுழற்சி!" என்று கத்தக் கூடாது. மடிப்பா என்று முதலில் பார்க்க வேண்டும். மூர் கோப்பில் உண்மையான சுழற்சியும் இருக்கிறது, மடிப்பும் இருக்கிறது. பிரித்துக் காட்டச் சொல்வது ஒரு முழு ஆய்வக வகுப்புக்குப் போதுமான வேலை.

குழி மூன்று கோப்பின் அமைப்பில் இருக்கிறது. நெக்ஸ்ராட் ரேடார் மிகத் தாழ்ந்த கோணத்தில் இரண்டு முறை சுற்றும்: முதல் சுற்று தூரத்து எதிரொலிக்கு, இரண்டாவது வேகத்துக்கு. ஆகவே பை-ஆர்டில் சுழியம் என்று எண்ணிட்ட சுற்றில் திசைவேகத்தை வரையச் சொன்னால் வெற்றுப் படம் வரும். ஒன்றாம் எண் சுற்றில் வரையுங்கள். இது தெரியாமல் கோப்பு கெட்டுவிட்டது என்று நான் மூன்று முறை மறுபடி இறக்கினேன்.

8. மழை அல்லாதவை

பாடத்தின் இதயம் இதுதான் என்பது என் கருத்து. இரண்டு வாரம் முழுசாகக் கொடுங்கள். வேறு எங்காவது வெட்டிக்கொள்ளலாம்.

ரேடாருக்கு மழை என்று தனியாக எதுவும் தெரியாது. அனுப்பிய அலையில் எதுவோ பட்டுத் திரும்புகிறது, அவ்வளவே. மலையும் கட்டடமும் எப்போதும் அதே இடத்தில் நிற்பதால் சுழிய வேகத்தை வைத்து வடிகட்டிவிடலாம். ஆனால் காற்றாலை இறகுகள் சுற்றுகின்றன. வடிகட்டி அவற்றை விட்டுவிடும். நகராமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டே இருக்கும் "புயல்" தெரிந்தால் அங்கே காற்றாலைப் பண்ணை இருக்கிறதா என்று பாருங்கள். தெளிந்த இரவுகளில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடாக இருக்கும்போது கற்றை வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே வளைந்து தரையையே தொடும். அப்போது வானம் சுத்தமாக இருக்கையில் திரையில் பெரிய மழைப் பரப்பு தெரியும். சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் அந்தத் திசையில் ஒரு மெல்லிய கோடு, ரேடாரிலிருந்து விளிம்பு வரை. 5 செ.மீ. ரேடார்களில் வைஃபை கருவிகளின் குறுக்கீடும் இதேபோல் ஆரக்கோடாக வரும். கொளுத்தும் கோடை நாளில் ரேடாரைச் சுற்றி மங்கலான வட்டம் தெரிகிறதா? பூச்சிகள்.

மலைக்குப் பின்னால் இருப்பது நிழல். கடும் மழைக்குப் பின்னால் இருப்பதும் நிழல்தான், குறிப்பாக 3, 5 செ.மீ. ரேடார்களில்; முன்னால் உள்ள மழையே அலையை உறிஞ்சிவிடும். படத்தில் காலியாக இருக்கும் இடத்தை "மழை இல்லை" என்று எழுதும் மாணவரிடம் "பார்க்க முடிந்ததா, பார்த்தும் ஒன்றும் இல்லையா?" என்று கேளுங்கள்.

இரட்டை முனைவாக்கம் கைகொடுப்பது இங்கேதான். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அனுப்பிய அலைகளின் எதிரொலிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண் கிடைக்கும்; ஒட்டுறவுக் கெழு என்பார்கள். மழையில் அது 0.97-க்கு மேலேயே இருக்கும், பறவை, பூச்சி, தூக்கியெறியப்பட்ட இடிபாடு என்றால் 0.8-க்கும் கீழே விழும். மூர் நாளில் 20:20 வாக்கில் எதிரொலி வலுவாக இருக்கும் இடத்திலேயே, சுழற்சியின் நடுவில், இந்த எண் பள்ளமாக விழுவதைப் பார்க்கலாம். காற்றில் சுழன்ற வீடுகளின் பாகங்கள் அவை. வகுப்பு அமைதியாகிவிடும்.

பனி உருகும் அடுக்கும் ஏமாற்றும். உருகும் பனித்துகள் மேலே நீர் பூசிக்கொண்டு பெரிய துளி போல எதிரொலிக்கும். உயர்ந்த கோணங்களில் இது ரேடாரைச் சுற்றி வளையமாகத் தெரியும். 2.4 பாகை ஏற்றத்தில் 85 கி.மீ. ஆரத்தில் வளையம் என்றால் உயரம் என்ன? ஐந்தாம் படியில் செய்த கணக்கைப் போலவே போட்டால் 4 கி.மீ. அன்றைய வளிமண்டலப் பலூன் தரவில் சுழியம் பாகை வெப்பநிலை எந்த உயரத்தில் இருந்தது என்று ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவரும்போது மாணவர்களுக்கு ரேடார் மேல் நம்பிக்கை வருகிறது, அதுவும் தேவை. வெறும் சந்தேகத்தை மட்டுமே கற்றுக்கொடுத்தால் அவர்கள் எதையும் நம்பாமல் போய்விடுவார்கள்.

9. மழை அளவாக மாற்றுவது

எல்லோரும் ஆசைப்படும் படி இது, அதிகம் தவறும் படியும் இதுவே. 40 டிபிஇசட் என்றால் மணிக்கு எத்தனை மி.மீ. மழை? மார்ஷல்–பால்மர் பெயரில் வழங்கும் சூத்திரம் 11.5 என்கிறது. நெக்ஸ்ராடின் வழக்கமான சூத்திரம் 12.2 என்கிறது. வெப்பமண்டல மழைக்கானது 21.6 என்கிறது. மூன்றையும் மாணவர்களே கணக்கிட வேண்டும். மூன்றுக்கும் வடிவம் ஒன்றுதான்: மணிக்கு மி.மீ. அளவை ஓர் அடுக்குக்கு உயர்த்தி ஒரு கெழுவால் பெருக்கினால், மடக்கையை அவிழ்த்த எதிரொலி வலிமை வரும். முதலாவதில் 200-உம் 1.6-உம், இரண்டாவதில் 300-உம் 1.4-உம், மூன்றாவதில் 250-உம் 1.2-உம் கெழு, அடுக்கு.

ஆலங்கட்டி வந்தால் நிலைமை இன்னும் மோசம். 60 டிபிஇசட்டை நெக்ஸ்ராட் சூத்திரத்தில் அப்படியே போட்டால் மணிக்கு 328 மி.மீ. வரும். அதனால்தான் நெக்ஸ்ராட் வழக்கமாக 53 டிபிஇசட்டில், அதாவது மணிக்கு சுமார் 104 மி.மீ.யில், வெட்டிவிடுகிறது.

பின்பு மழைமானியோடு ஒப்பிடுங்கள். பொருந்தாது. பொருந்தாமல் போவதற்கான காரணங்களைப் பட்டியலிடச் சொல்வதுதான் பயிற்சி. 20 செ.மீ. வாய் கொண்ட மானிக்கும், 100 கி.மீ. தூரத்தில் 250 மீட்டர் நீளமும் 1.75 கி.மீ. அகலமும் உள்ள ரேடார் கட்டத்துக்கும் பரப்பளவில் ஒரு கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். உயரம் வேறு, நேரம் வேறு, மானியில் காற்றினால் இழப்பு வேறு. ஹார்வி நாட்களின் ஒரு மணி நேர மதிப்பையும் ஒரு நாள் மொத்தத்தையும் தனித்தனியே ஒப்பிட்டால், நாள் மொத்தம் பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். ஏன் என்று கேளுங்கள், பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

10. ப்ராஜெக்ட்

பத்தாவது வாரத்தில் தலைப்பு, பதினான்காவது வாரத்தில் சமர்ப்பிப்பு. இருவர் இருவராகச் சேரட்டும். ஒரே ஒரு நிகழ்வு, ஒரே ஒரு கேள்வி. "புயல் பற்றிய ஆய்வு" என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். "19:30-க்கும் 20:30-க்கும் இடையே எதிரொலியின் உச்சி எவ்வளவு உயர்ந்தது?" என்பது தலைப்பு.

அறிக்கையோடு நான் நான்கு தாள்கள் கேட்கிறேன்: பயன்படுத்திய கோப்புகளின் பெயர்ப் பட்டியல், தரவின் உரிமக் குறிப்பு, மறுபடி ஓட்டக்கூடிய நோட்புக், கடைசியாக "இந்த முடிவு எங்கே தவறியிருக்கலாம்" என்று ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்கு 30 சதவீத மதிப்பெண். முதலில் முணுமுணுத்தார்கள். எண்ணைக் குறைத்துப் பார்த்தேன், உடனே அந்தப் பக்கம் மூன்று வரியாகச் சுருங்கியது. மறுபடி 30 ஆக்கிவிட்டேன்.

உரிமக் குறிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். கடிதம் எழுதி வாங்கிய தரவை ஒரு மாணவர் ப்ராஜெக்டோடு சேர்த்துப் பொதுவெளியில் ஏற்றிவிட்டார். இறக்கச் சொல்லி, மன்னிப்புக் கடிதம் எழுதி, அடுத்த முறை தரவு கேட்கும்போது அந்தக் கதையையும் விளக்க வேண்டியதாயிற்று.

செமஸ்டர் முடிந்த வாரமே, மறந்துபோவதற்குள், ஒரு கோப்புறையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: மூன்று நாட்களின் தரவு, ஓடிய சூழலின் பதிப்புக் கோப்பு, துறைக்கு எழுதிய கடிதத்தின் நகல், மாணவர்கள் எந்த வாரம் எங்கே திணறினார்கள் என்ற உங்கள் குறிப்பு. நூலகங்களின் புதிய பதிப்பு வந்ததும் பழைய நோட்புக் ஓடாமல் போவது சகஜம், எனவே அடுத்த செமஸ்டருக்கு ஆறு வாரம் முன்பு அதைத் திறந்து முதல் வரியிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.